உப்பு பாக்கெட்டின் பின்பக்கம்

இன்று காலை மந்தைவெளி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு மேரி, டயட்டீஷியன் பவித்ரா. எல்லாரும் சாட்சி.

வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் பழுது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கிறது. இன்னும் ஏறினால் இதயத்துக்கே ஆபத்து என்று டாக்டர் எங்களைப் பவித்ராவிடம் அனுப்பியிருந்தார்.

அந்தப் பெண் எங்கள் சமையலறைப் பாக்கெட்டுகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். உப்பு பாக்கெட்டைத் திருப்பிப் படித்ததும் அவள் முகம் மாறியது.

"பாட்டி, இதுல சோடியத்தைக் கொறச்சு பொட்டாசியம் சேர்த்திருக்காங்க. தாத்தா இதைத் தொடவே கூடாது. யாரு குடுத்தா?"

"போன மாசம் தெரு முகாம்ல வெள்ளைக் கோட்டு போட்டுகினு ஒர்த்தன் குட்த்தானே," என்றாள் மேரி.

அவன் உப்போடு கொடுத்த சீட்டில் எழுதியிருந்த நம்பருக்கு அங்கேயே போன் போட்டேன்.

"இன்னா படிச்சிகீற நைனா?"

"பதினஞ்சு நாள் ஆன்லைன் கோர்ஸ் ஆயா. சர்டிபிகேட் கீது!"

"கிட்னி எப்படி கீதுன்னு கேட்டியா?"

"உப்பு எல்லாருக்கும் ஒண்ணுதானே ஆயா?"

ஐந்து வருடம் படித்து, ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்த பவித்ரா இங்கே வாரத்தில் ஒரு நாள்தான் உட்காருகிறாள். அவனோ தினம் ஒரு தெருவில் கோட்டு மாட்டுகிறான்.

ஒரு மாதமாக அந்த உப்பை என் கையாலேயே ரசத்தில் போட்டிருக்கிறேன்.

"வுடு, ரசம் நல்லாத்தான் இருந்துச்சு," என்கிறார் வீட்டுக்காரர்.

அவர் விடுவார். உங்கள் தெருவுக்கும் வந்தானா, சொல்லுங்கள். நான் மன்னிக்க மாட்டேன். அவன் பெயர் தினகர்.