பதினைந்தா, ஒன்பது புள்ளி ஒன்பதா

எங்கள் ரப்பர் தோட்டத்துக்கும் யட்டியாந்தோட்டை பஜாருக்கும் நடுவில் ஆறு. தொங்குபாலத்தை வெள்ளம் கொண்டுபோன பிறகு படகுதான் வழி. கோயில் கமிட்டி அதற்கு எஞ்சின் வாங்கத் தீர்மானித்தது. யாரையும் லேசில் நம்பாதவன் என்பதால் என்னைத்தான் கடைக்கு அனுப்பினார்கள்.

கடையில் இரண்டு எஞ்சின்கள் இருந்தன. ஒரே மூடி, ஒரே விசிறி, தூக்கிப் பார்த்தால் ஒரே கனம். ஒன்றில் பதினைந்து குதிரைச்சக்தி என்றிருந்தது, மற்றதில் ஒன்பது புள்ளி ஒன்பது. செருப்புக் கடை விலை மாதிரியான அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

கடைக்கார பாஸ் சிங்களத்தில் விளக்கினார். சில நாடுகளில் பத்துக்கு மேல் போனால் சட்டம் வேறாம். அதனால் அதே எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் போகும் வழியைக் குறுக்கி, சின்ன எஞ்சினாக விற்கிறார்களாம். "எல்லாம் ஹுஸ்மதான் மாத்தயா," என்றார். ஹுஸ்ம என்றால் மூச்சாம். நன்றாகத்தான் கதை விடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்தை வாங்கினோம். ஓட்டுவதற்கு முன் கோயிலில் பூசை வைத்தோம். கமிட்டித் தலைவர் எஞ்சினின் தலையில் சிவப்புத் துணியைப் பரிவட்டமாகச் சுற்றிக் கட்டினார். அன்றிலிருந்து அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் படகில் ஏறுவேன். ஆனால் முதல் நாளிலிருந்தே அது முனகிக்கொண்டுதான் ஓடியது. பாஸ் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டிவிட்டான் என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்தேன். பெட்ரோலில் கலப்படமோ என்று படகுக்காரரையும் ஒரு கண் பார்த்துக்கொண்டேன்.

அடைமழை நாளொன்றில் நிறைமாதமாயிருந்த மனைவிக்கு வலி கண்டது. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகப் படகில் ஏற்றினேன். நடு ஆற்றில் படகு முன்னே போகாமல் பாறைப் பக்கமாக இழுபட்டது.

"நான் சொன்னேன்ல, இது ஒம்போதுதான்," என்று கத்தினேன்.

"மூச்சு முட்டுற மாதிரி இழுக்குது அண்ணே," என்றார் படகுக்காரர்.

திரும்பிப் பார்த்தேன். மேல்மூடியின் பின்னால் காற்றுப் போகும் துவாரத்தில் நனைந்த பரிவட்டம் அப்பிக்கிடந்தது. பிய்த்து எறிந்தேன். எஞ்சின் சீறிக்கொண்டு கிளம்பியது.

மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். அவள் கையில் கட்டியிருந்த பெயர்ச்சீட்டை இரண்டு தடவை வாசித்துச் சரிபார்த்தேன். கட்டிலில் கிடந்தபடி மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ சந்தேகப்பட்டீங்க, படகுக்கார அண்ணன சந்தேகப்பட்டீங்க, இப்ப பெத்த புள்ளையவும் சந்தேகப்படுறீங்க," என்றாள். "எங்க ரெண்டு பேரையும் கொல்லப் பாத்தத மட்டும் தெனமும் கும்பிட்டுட்டுல்ல ஏறினீங்க."