ஐந்து விரலில் ஒரு நோய்

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டைக் கூட்டித் துடைப்பது என் சித்தி நாச்சிசாலேயின் வேலை. ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் மலாவிக்குத் திரும்பியபோதும் அதே வேலையில்தான் இருந்தாள். சம்பளமில்லாத இன்னொரு வேலையையும் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

தாடை வீங்கிய குழந்தையோடு வரும் தாய்மாரை, சீட்டுப் பதியும் ஜன்னலுக்குப் போகுமுன்பே மறிப்பாள். அந்தக் கட்டியை நூறு முகத்தில் பார்த்தவள். தாயின் கையைப் பிடித்து விரல் விரலாக மடக்குவாள்.

"பர். கிட். லிம். போ. மா. 'போ'வுல அழுத்தணும், மத்ததெல்லாம் சும்மா தொட்டுட்டுப் போ."

வெறுமனே தாடை வீக்கம் என்றால் பல் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆடுகிற பல்லைப் பிடுங்குவார்கள். கட்டி வளரும். சித்தியின் மகனுக்கு அப்படி நான்கு பல் போனது. பிறகு அவனே போனான். பர்கிட் லிம்போமா என்று நோயின் பெயரைச் சொன்னால் புற்றுநோய் வரிசையில் நிறுத்துவார்கள் என்று அதற்கப்புறம்தான் அவளுக்குத் தெரிந்தது.

மார்ச்சில் முலாஞ்சே தேயிலைத் தோட்டத்திலிருந்து எனிஃபா வந்தாள், ஐந்து வயது மகன் லாஸ்டனை முதுகில் கட்டிக்கொண்டு. அரை மணியில் பிசகில்லாமல் சொல்லக் கற்றாள்.

ஜன்னலில் இருந்தவர் சிரித்தார். "டாக்டரம்மா வந்துட்டாங்க, வழி விடுங்கப்பா."

உள்ளே டாக்டரும் அவளைப் படித்தவள் என்றே நினைத்துவிட்டார். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி என்பதை ஆங்கிலத்திலேயே சொல்லி முடித்தார். எங்கள் மொழியில் சொல்ல நர்ஸைக் கூப்பிடவில்லை. எனிஃபா தலையாட்டினாள். பெரிய மனிதர் பேசும்போது திருப்பிக் கேட்பது எங்களில் மரியாதையில்லை.

முதல் ஊசியிலேயே வீக்கம் வடிந்தது. மகனைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது ஊசிக்கு வரவில்லை. மூன்றாவதுக்கும் வரவில்லை. சித்தி லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள், நானும் போனேன். மினிபஸ்ஸில் ஒரே ஒருமுறைதான் பேசினாள்.

"பேரைத்தான் சொல்லிக்குடுத்தேன். மத்ததை அவங்க சொல்லுவாங்கன்னு இருந்துட்டேன்."

இறங்கி, ஆளைப் பின்னால் ஏற்றிப்போகும் வாடகை சைக்கிள்கள் இரண்டைப் பிடித்தோம். தோட்டத்து வளைவில், சாவு வீட்டுக்கு முன்னால் போடும் பச்சைக் கிளைகள் சாலையில் கிடந்தன. சித்தியின் சைக்கிள்காரன் காலை ஊன்றினான். சித்தி அவனைக் கேட்டாள்.

"யாரு வீடு தம்பி?"

"எனிஃபா வீடு. சின்னப் பையன்."

முற்றத்தில் பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எனிஃபா சித்தியை நிமிர்ந்து பார்த்தாள்.

"வீக்கம்தான் வடிஞ்சிடுச்சே அக்கா. நல்லாத்தான் விளையாடிக்கிட்டிருந்தான். திரும்ப வரணும்னு யாருமே சொல்லலையே."

டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார் என்று சித்தி சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.