கொழும்பில் அள்ளிய ஒரு பிடி மண்

டிக்கெட் போட்டது நான்தான். வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து கொழும்புக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவது. அப்போது நாங்கள் கல்லூரியில் கடைசி வருடம். எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், என் சிநேகிதிக்கு ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அதுவரை இரண்டு பேரும் குற்றாலத்தைத் தாண்டியதில்லை. விலை குறைத்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அன்றைக்கே போட்டுவிட்டேன். வீட்டில் என்ன சொல்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். எனக்கு எதிலும் பொறுமை கிடையாது.

பத்தே நாளில் அவள் ஊர் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்கு நாள் குறித்துப் பொங்கல் சாட்டிவிட்டார்கள். முந்தைய வருடம் அவள் அப்பாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்து வந்தால் பூக்குழி இறங்குகிறேன் என்று அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து நேர்ந்திருந்தாள். அவரும் பிழைத்துவிட்டார். ஆகவே இந்த வருடம் அவள் கையில் மஞ்சள் காப்பு கட்டிக்கொண்டு தீ மிதிக்க வேண்டும். காப்பு கட்டியவர்கள் பூக்குழி முடிகிறவரை இரவில் ஊர் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. எங்கள் வெள்ளிக்கிழமை சரியாக அதற்கு நடுவில் வந்து விழுந்தது.

"நான் வரலட்டி. நீ போயிட்டு வா" என்றாள்.

தனியாகப் போகும் தைரியம் எனக்குக் கிடையாது. அதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் அவளிடம் சண்டை போட்டேன். மூன்று நாள் பேசாமல் இருந்தேன். அவள் இறங்கி வந்தாள். பிறகு அவள் வீட்டுக்குப் போய் அவள் அம்மாவிடம் நானே பொய் சொன்னேன். மதுரையில் ஒரு கல்லூரியில் புராஜெக்ட் ரிவியூ இருக்கிறது, இரண்டு ராத்திரி ஹாஸ்டலில் தங்க வேண்டும், போகாவிட்டால் மார்க் போய்விடும் என்று. என் சிநேகிதி அடுப்படியைவிட்டு வெளியே வரவே இல்லை.

அவள் அம்மா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். என்னைக் கொஞ்சம்கூடச் சந்தேகப்படவில்லை. நேராகப் பூசாரியிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

"படிப்புக்குன்னா போகலாமாம்த்தா. கோயில் மண்ணு ஒரு பிடி கொண்டுபோயி தலமாட்டுல வச்சுப் படுக்கணுமாம். மண்ணு கூட இருந்தா ஊருக்குள்ள இருந்த கணக்குதானாம்."

கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பேண்டேஜ் துணியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்து, அதில் மண்ணை முடிந்து என் கையில் கொடுத்தார். மகளிடம் கொடுக்கவில்லை. "அவ மறதிக்காரி. நீதான் சூதானமான பிள்ள. பாத்துக்கோ."

அந்த முடிச்சு ஆரம்பத்திலிருந்தே எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஜீன்ஸும் புதுச் செருப்புமாக வெளிநாடு கிளம்புகிறவளுக்கு எதற்கு மஞ்சள் துணியும் மண்ணும் என்று தோன்றியது. கொழும்பு ஏர்போர்ட்டில் இறங்கி நடக்கும்போது சுவரில் ஒரு போர்டு பார்த்தேன். என்னென்ன கொண்டுவரக் கூடாது என்று படம் போட்டிருந்தது. செடி, பழம், மண். பிடித்து உட்காரவைத்து வீட்டுக்குப் போன் போட்டால் என்ன ஆகும்? என் சிநேகிதி முகம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, முடிச்சை அவிழ்த்து, மண்ணைக் குப்பைக் கூடையில் கொட்டினேன். ஏனோ துணியை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். செய்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

உடனே சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த விமானத்தில் திரும்பிவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

நாங்கள் தங்கியது பயணிகள் ஹாஸ்டலில், பெண்களுக்கான எட்டுக் கட்டில் அறை. அடுக்குக் கட்டில், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை. எங்களுக்கு அது பெரிய அதிசயம். மேல்கட்டில் யாருக்கு என்று காசு சுண்டிப் பார்த்தோம். அவள் ஜெயித்தாள். ஏறி உட்கார்ந்ததும் கையை நீட்டி, "மண்ண எடு, இப்பவே தலகாணிக்கு அடியில வச்சுர்றேன்" என்றாள்.

"பைக்கு அடியில கெடக்கு. நீ குளிச்சுட்டு வா, எடுத்து வைக்கேன்" என்றேன்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் பால்கனிக்கு ஓடினேன். அங்கே ஒரு குரோட்டன்ஸ் தொட்டி இருந்தது. ஒரு பிடி அள்ளி, அதே துணியில் முடிந்து, அவள் தலையணைக்கு அடியில் வைத்தேன். தப்பித்தோம் என்று நிம்மதியாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் அந்த நிம்மதிதான் குமட்டுகிறது.

மறுநாள் கடலை ஒட்டிப் போகிற ரயிலில் காலி என்ற ஊருக்குப் போனோம். வாசலில் நின்று முகத்தில் உப்புக்காற்று அடிக்க அவள் சிரித்த சிரிப்பை நான் முன்னேயும் பார்த்ததில்லை, பின்னேயும் பார்த்ததில்லை. கோட்டைச் சுவர்மேல் நடந்தோம். விரதம் என்பதால் அவள் இடியாப்பமும் வாழைப்பழமும்தான் சாப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து மீன் சாப்பிட்டேன். போட்டோ எடுக்கும்போதெல்லாம் காப்புக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அன்று இரவு அந்த ஊர் ஹாஸ்டலில் படுக்கும் முன்பு முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் திரையை இழுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் அவள் அம்மா மண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கோயிலில் திருப்பிப் போட வேண்டுமாம். அன்று சாயங்காலமே மகளிடம், "நீ பூக்குழி எறங்க வேண்டாம். பரீட்ச வருது, கால்ல பட்டுருச்சுன்னா என்ன செய்வ? நான் எறங்குதேன்" என்று சொல்லிவிட்டார். பூசாரியிடம் கேட்டுத் தன் கையில் காப்பு கட்டிக்கொண்டார். என் சிநேகிதி அழுது பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். அவர் அசையவே இல்லை. எனக்குப் போன் போட்டு, "நான் நேந்தது, நான் வெரதம் இருந்தது. பயந்தாங்கொள்ளின்னு நெனச்சுட்டாங்க என்னய" என்று விம்மினாள். நான் ஆறுதல் சொன்னேன்.

பூக்குழி அன்றைக்கு நானும் போனேன். என் சிநேகிதி கூட்டத்தோடு நிற்காமல் அப்பா பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக வந்து, ஒரு தடவைகூட நிற்காமல் இறங்கி ஏறினார். ஏறியதும் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஓரமாக உட்காரவைத்து அவர் காலில் தண்ணீர் ஊற்றினேன். இடது பாதத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் வழன்றிருந்தது.

சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நம்ம கோயில் மண்ணு கரிசலுத்தா. நீ கொண்டாந்தது தேங்கா நாரு கெடக்குற தொட்டி மண்ணு. மதுர ஹாஸ்டல்ல அள்ளுனியா?"

அப்போதும் அவர் மதுரையை நம்பினார். நான் தலையை ஆட்டினேன்.

"தொலஞ்சுபோச்சுன்னு ஒரு போன் போட்டிருந்தா பஸ் ஏறி நானே கொண்டாந்து குடுத்துருப்பேனே. ஊர்ல மண்ணுக்கா பஞ்சம்? காப்பு மொற தப்புனவள எப்படித் தீயில எறக்குவேன்?" அவ்வளவுதான் கோபம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட மட்டும் சொல்லிராத. ரெண்டு ராத்திரி எல்லைக்கு வெளிய கெடந்தோம்னு தெரிஞ்சா, பொறவு அவ அப்பாவுக்குத் தலவலி வந்தாக்கூடத் தன்னாலதான்னு நெனச்சே செத்துப்போவா. எம்மேல கோவம்னா இருந்துட்டுப் போறா."

நான் சரி என்றேன். என் வாழ்க்கையில் ஒரு வாக்கை இத்தனை சுலபமாகக் காப்பாற்றியதில்லை.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அப்பாவோடு தினமும் பேசுகிறாள். அம்மா போனை வாங்கினால் "வேலை கெடக்கு" என்று வைத்துவிடுகிறாள். இந்த வருடமும் அவள் ஊரில் பொங்கல் சாட்டினார்கள், அவள் வரவில்லை. போன வாரம் என்னிடம் பேசும்போது பழையபடி அங்கேயே வந்து நின்றாள்.

"நீயே சொல்லுட்டி. எங்கம்மா எனக்குச் செஞ்சது நியாயமா?"

சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன்.

"நியாயமில்லதான்" என்றேன்.