கோட்டுக்கு வெளியே இரண்டு விரல்

கொழும்பிலிருந்து அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினால் நான் முதலில் பார்ப்பது அவர் கையைத்தான். வெறுங்கையோடு வந்தால் அம்மாவைப் பார்க்க வந்திருக்கிறார். கேக் பெட்டியோடு வந்தால் எதையோ கொண்டுபோக வந்திருக்கிறார். போன நத்தார்ப் பண்டிகைக்கு முன் ஒரு சனிக்கிழமை, பெரிய கேக் பெட்டி ஒன்றோடு கல்லடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் வந்தார். திரும்பிப் போகும்போது அம்மாவின் தகர றங்குப்பெட்டி அவருடைய வான் வண்டிக்குள் இருந்தது.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவை கல்யாணக் கவுன்களுக்கு அம்மா கோடு கீறிவைத்த அளவுத்தாள்கள். அண்ணனின் கடையில் இப்போது பணக்கார வீட்டுக் கிறிஸ்தவ மணப்பெண்கள் மாதக்கணக்கில் காத்திருந்து கவுன் தைப்பிக்கிறார்கள். வெளிநாட்டிலும் ஒரு கடை திறக்கப்போகிறாராம். அதன் சுவரில் எழுதிவைக்கக் குடும்ப வரலாறு ஒன்று வேண்டுமாம். "எங்கள் தந்தை தன் கையால் வெட்டிய கவுன்களிலிருந்து தொடங்கிய கதை" என்று அவர் போனில் அனுப்பிய முதல் வரியை வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா ஒரு முழத் துணிகூட வெட்டியவரில்லை. வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்தவர். இளந்தாரியாக இருந்தபோது வயல் வட்டையில் நெல் சூடடிக்கும் மெஷின் அவருடைய வலது கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் கொண்டுபோய்விட்டது. அந்தக் கையில் கத்தரிக்கோல் நிற்காது. இடது கையால் எழுதப் பழகினார். எழுத்து காற்றடித்த நெற்பயிர்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

ஆலை நின்றபின் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அம்மாவின் தையலால்தான். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை கல்யாணம் கட்டிப் பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். அதில் யாருக்கும் குறையில்லை. ஆனால் பெண்சாதி உழைக்க இவர் இருந்து சாப்பிடுகிறார் என்று யாராவது சொல்லிவிட்டால் அப்பா உடைந்துபோவார் என்று அம்மாவுக்குப் பயம். அதனால் கவுனுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "நான் தைக்கிறதுதான். வெட்டுறதெல்லாம் அவர்" என்று சொல்லிவைத்தார். விறாந்தையில் அம்மா அளந்து சொல்ல, கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு அப்பா எழுதுவார். ஆலையில் கழித்துவிட்ட பெரிய தாள்களில் உருவம் கீறுவது அம்மா, ஓரத்தில் அளவு எழுதுவது அப்பா. துணி வெட்டுவது மட்டும் உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு. துணியின் மறுமுனையைப் பிடித்தவள் நான். விரல் இல்லாத மனிதர் எப்படி வெட்டுகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கவுன் அளவாக இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

அண்ணன் அப்போது விடுதியில் நின்று படித்தார். அவருக்கு உண்மை தெரியாதா, தெரிந்துகொண்டே தெரியாததுபோல் இருக்கிறாரா என்ற சந்தேகம் எனக்குள் வருடக்கணக்காகக் கிடக்கிறது. போனில் கேட்டேன். "நீ அப்ப சின்னப்புள்ள, உனக்கென்ன தெரியும்" என்று வைத்துவிட்டார்.

அம்மாவிடம் போய் நின்றேன். மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"செத்த மனுசன். அவர்ட பேர் இரிக்கட்டும், மகள்."

"அப்ப உங்கட பேர்?"

அம்மா மீனைத் திருப்பிப்போட்டு மறுபக்கம் செதில் சுரண்டினார். அந்தக் கடையின் சுவரில் அம்மாவின் பெயர் வராவிட்டால் அது எங்கேயுமே வராது. இதை நினைத்து நான் அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் திரும்பவும் வந்தார். கேக் இல்லை. றங்குப்பெட்டியை மேசையில் வைத்து, அம்மா குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து என்னைப் பிடித்தார்.

"உண்மையச் சொல்லு. தாளெல்லாம் நீ மாத்தினியா?"

அந்தத் தாள்களை வைத்து வெட்டிய கவுன்கள் ஒன்றும் உடம்பில் ஏறவில்லையாம். எல்லாம் இறுக்கமாம். விலையுயர்ந்த லேஸ் அத்தனையும் வீணாம். என்மேல் அவருக்குச் சந்தேகம் வந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. என்ன நடந்தது என்று கேட்டவுடனே எனக்கு விளங்கிவிட்டது. கொழும்புத் தாள்களில் தையலுக்கு விடும் துணியும் சேர்ந்தே இருக்கும். கோட்டில் வெட்டினால் போதும். அம்மாவின் தாளில் இருப்பது வெறும் உடம்பளவு. தையலுக்கு வேண்டிய துணியை வெட்டும்போது கைக்கணக்கில் கூடுதலாக விடுவார். அதை அவர் ஒருபோதும் எழுதவைத்ததில்லை.

அம்மாவிடமே கேட்கச் சொன்னேன். இப்போது அம்மாவேதான் சொல்லவேண்டும். சொன்னால், வெட்டியது யார் என்பதும் கூடவே வந்துவிடும்.

அம்மா ஈரத்தலையோடு வந்து, விஷயத்தைக் கேட்டு, ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். கோட்டை ஒட்டிக் கையை வைத்தார்.

"கோட்டுக்கு வெளிய ரெண்டு விரல் விட்டு வெட்டணும், மகன். அப்பா எப்பயும் அப்பிடித்தான் வெட்டுறவர்."

அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதாவது இந்த மனிதர், "அம்மா, அது நீங்கதானே" என்று சொல்வார் என்று நம்பினேன். அவர் போனை எடுத்து, எழுதுவதற்குத் திறந்தார்.

"எந்த ரெண்டு விரலம்மா?"

அம்மா தன் வலது கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் நீட்டிக் காட்டினார். அண்ணன் அந்த இரண்டு விரல்களையும் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு குனிந்து எழுதிக்கொண்டார்.