கண்டன்சர் மாத்தியும் காத்து வரல

ஃபேன் மெக்கானிக் வேலைங்கிறது பாதி காது, மீதி கழுத்துவலி. வேர்த்து ஊத்த மல்லாக்கப் படுத்துக்கிட்டு, மேல அசமந்தமாச் சுத்துற மூணு ரெக்கையவும் எண்ணிக்கிட்டுக் கெடக்குற என் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதச் சொல்றேன். சுத்துற ஃபேன்ல ரெக்கைய எண்ண முடிஞ்சா, அது ஸ்லோ. அவ்வளவுதான் கணக்கு.

தேனியில இருபது வருசமா இதே பொழப்பு. எனக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. எந்த ஃபேன் சத்தத்தையும் அப்படியே வாயால போட்டுக் காட்டிருவேன். பேரிங் போச்சுன்னா "கிர்ர்ரக்". கண்டன்சர் செத்துச்சுன்னா "ம்ம்ம்ம்"னு ஒரு மொனகல். கல்யாண வீட்டுல எவனாவது மைக்கைக் கையில குடுத்துட்டா, பந்தி முடியிற வரைக்கும் விட மாட்டேன்.

சம்சாரம் குடுத்த கெடு

எங்க வீட்டு ஹால் ஃபேன் தேங்கித் தேங்கிச் சுத்துச்சுன்னு ரெண்டு வாரத்துக்கு முந்தி நானே கண்டன்சர மாத்துனேன். சும்மா ஜம்முன்னு எடுத்துச்சு. ஆனா செல்வி, எங்க வீட்டுக்காரி, தெனமும் ஒரே பாட்டு. "காத்து வரல." திங்கக்கெழமை காலையில நான் டிபன் பாக்ஸ எடுக்கும்போது வாசல்ல மறிச்சு நின்னா.

பழனிசெட்டிபட்டியில தர்மர்னு ஒரு மெக்கானிக் இருக்காரு. இருபது வருசமா எனக்கும் அவருக்கும் நீயா நானான்னு போட்டி. அந்தாளு ஏணியத் தூக்கிட்டு என் வீட்டுக்குள்ள நுழைஞ்சா, மறுநா நான் கடையத் தெறக்க முடியாது. அது செல்விக்கும் நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னா: "ஞாயித்துக்கெழமை பத்து மணிக்கு எங்கண்ணன் வர்றாக. அதுக்குள்ள இந்த ஃபேன்ல காத்து வரலைன்னா, நான் தர்மரண்ணனக் கூப்புட்டுருவேன்."

வடுகபட்டியில இருந்து போனு

அன்னைக்கு மொத போனு வடுகபட்டிப் பூண்டு யாவாரி ஒருத்தரு. "ஃபேன் ஸ்லோவா இருக்கு, சத்தம் வேற வருது"ன்னாரு. என்ன சத்தம்னு கேட்டேன். அவருக்குப் போட்டுக் காட்டத் தெரியல. நான் ஒண்ணொண்ணா எடுத்து விட்டேன். "ம்ம்ம்ம் மாதிரியா?" "இல்லல்ல." "கிர்ர்ரக் கிர்ர்ரக்?" "அதேதான், அதேதான்! இன்னொருக்கா போடுங்க!" போன ஸ்பீக்கர்ல போட்டுட்டாரு போல. நானும் உற்சாகமாகி ஒரு நிமிசம் விடாமப் போட்டேன்.

போய்ப் பாத்தா, சுச்ச அமத்திட்டு ரெக்கையக் கையால தள்ளுனா அரைச் சுத்துல நிக்கிது. நல்ல ஃபேன்னா சும்மா தள்ளுனாலே பல சுத்து ஓடணும். வருசக்கணக்கா வீட்டுக்குள்ள பூண்டு ஒரிச்சதுல, அந்தத் தோலு பூராவும் பறந்து போயி மேல பேரிங்ல அடைஞ்சு கெடக்கு. பேரிங்க மாத்திக் குடுத்தேன். கெளம்பும்போது யாவாரி சம்சாரம் என்னைய ஒரு மாதிரியாவே பாத்தாக. காரணத்த அவுகளே சொன்னாக: "நீங்க போன்ல கத்தும்போது இங்கன கரண்டே இல்ல. கரண்டு இல்லாம ஃபேன் சத்தம் வருதேன்னு நான் கும்புட்டு விபூதி பூசிட்டேன்."

சாயந்தரம் வீட்டுக்கு வந்த ஒடனே எங்க ஃபேனத் தள்ளிப் பாத்தேன். வழுக்கிக்கிட்டு ஓடுது. அப்ப பேரிங் இல்ல. விடுவேனா? புதுக் கண்டன்சர் இன்னொண்ணு எடுத்து, பழசு எந்த ஒயர்ல இருந்துச்சோ அதே ஒயர்ல அச்சுப் பெசகாம மாட்டுனேன். சுச்சுக்குப் பக்கத்துல நின்னு காதக் குடுத்தேன். சுத்தமான சத்தம். செல்வி அடுப்படியில இருந்து தலைய நீட்டிச் சொன்னா: "காத்து வரல."

கெணத்து மோட்டார் வைத்தியம்

புதங்கெழமை வைகை அணைப் பக்கம் ஒரு தோட்டம். தோட்டத்துக்காரருக்கு அறுவது வயசு, கைவேலையில கெட்டிக்காரரு. ஃபேன் ஸ்லோன்னு தானே வைத்தியம் பாத்திருக்காரு. கண்டன்சருன்னா கண்டன்சருதானே? கெணத்து மோட்டாருக்குன்னு வாங்கி வச்சிருந்ததுல ஒண்ண எடுத்து, ஃபேனுக்குக் குடுத்துட்டாரு. டார்ச் லைட் தண்டிக்கு அது உத்தரத்துல கயித்துல தொங்குது. ஃபேன் நெருப்பாச் சுடுது, "ங்ஙொய்ய்ய்"னு உறுமுது, சுத்த மட்டும் மாட்டேங்குது.

"ஐயா, உள்ள கம்பி வயண்டிங் கருகிருக்கும்யா. ஃபேனுக்கு இம்புட்டுக்காணு போதும்"னு சுண்டுவிரலக் காட்டுனேன். அவரு என் விரலப் பாத்தாரு, கண்டன்சரப் பாத்தாரு. மனசு ஆறவே இல்ல அவருக்கு: "அம்பதடிக் கெணத்துத் தண்ணியவே மேல தூக்குதுய்யா, இந்த மூணு ரெக்கையச் சுத்தாதா?"

பல்லிக்குக் குளுருது

வெள்ளிக்கெழமை ஒரு பேங்க் ஆபீசர் வீடு. வீடியோ பாத்து அவரே கண்டன்சர மாத்திருக்காரு. "அப்பயும் ஸ்லோதான்"ங்கிறாரு. ரெக்கைய எண்ண முடியல, வேகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கீழ நின்னா ஒரு துளி காத்தில்ல. எனக்குப் புரிஞ்சு போச்சு. கண்டன்சரோட ரெண்டு ஒயர்ல எதுல கரண்டு லைன் குடுக்குறமோ, அத வச்சுத்தான் ஃபேன் இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு சுத்தும். மனுசன் மாத்திக் குடுத்துட்டாரு. ஃபேன் எதிர்ப்பக்கமாச் சுத்தி, காத்தப் பூரா மேல அனுப்பிக்கிட்டு இருக்கு.

சொல்லிட்டுப் போயிருக்கலாம். என் வாய் கேக்குமா? உத்தரத்துல ஒட்டியிருக்குற பல்லியா மாறிட்டேன். ரெண்டு கையவும் தலைக்கு மேல விரிச்சு, கண்ணச் சொருகி, "த்சு த்சு த்சு... ஆகா, சுருளி அருவியில குளிச்ச மாதிரில்ல இருக்கு!" பிள்ளைக உருண்டு பெரண்டு சிரிக்குதுக. ஆபீசர் மூஞ்சி செவந்து போச்சு. அவரு வீட்டம்மா விசிறிய நிறுத்தாமயே அவரப் பாத்துக் கேட்டாக: "எனக்கு வேர்க்குது, பல்லிக்குக் குளுருது. இதுதான் நீங்க பாத்த வீடியோவா?"

ராத்திரி செல்விகிட்ட ஒண்ணு விடாம நடிச்சுக் காட்டுனேன், எங்க ஹால்ல, எங்க ஃபேனுக்கு அடியிலயே நின்னு. முந்தானையால வேர்வையத் தொடச்சுத் தொடச்சுச் சிரிச்சா.

ஞாயித்துக்கெழமை ஒம்போதரை மணி

சனிக்கெழமை பூரா வேற வேலைக்குப் போகல. ரெகுலேட்டரப் புதுசா மாத்துனேன். வோல்டேஜ் பாத்தேன், சரியா இருக்கு. ரெக்கையத் தொடச்சு நட்டெல்லாம் முறுக்குனேன். ஞாயித்துக்கெழமை ஒம்போதரைக்கு ஏணியோட ஹால்ல நிக்கிறேன், சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டுது. செல்வி தலைக்குக் குளிச்சிட்டு ஒரு கையில சாம்பிராணிக் கரண்டி, இன்னொரு கையில செல்லு. செல்லுல தர்மர் நம்பர். "பாவம் நீங்க, அவுகளக் கூப்புட்டுறவா?"ன்னா. "பத்து மணிக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கு"ன்னேன்.

அவ கரண்டியில இருந்து கெளம்புன புகையப் பாத்துக்கிட்டு நிக்கிறா. நானும் பாத்தேன். புகை கீழ கலையவே இல்ல. கயிறு கட்டி இழுத்தாப்புல நேரா ஃபேனுக்குப் போயி, உத்தரத்துல தட்டிப் படருது.

செல்வி செல்லையும் கரண்டியையும் மேசையில வச்சா. ரெண்டு கையவும் தலைக்கு மேல விரிச்சா. கண்ணச் சொருகுனா. என் கொரல்லயே, என் இழுப்போடயே, "த்சு த்சு த்சு... ஆகா, சுருளி அருவியில குளிச்ச மாதிரில்ல இருக்கு!" இருபது வருசமா மைக்கு பிடிக்கிறேன், எனக்கே அப்படி வந்ததில்ல.

மொதக் கண்டன்சர் மாத்துன அன்னைக்கு, போன்ல எவனுக்கோ "கிர்ர்ரக்" போட்டுக்கிட்டே ஒயர இடம் மாத்தி முறுக்குனது அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அந்தத் தப்பத்தான் அச்சுப் பெசகாம ரெண்டாவது தடவையும் மாட்டிருக்கேன். "ஸ்லோ ஸ்லோன்னு உசுர வாங்குனியேடி"ன்னேன். அவ இடுப்புல கைய வச்சா: "நான் என்னைக்கு ஸ்லோன்னு சொன்னேன்? காத்து வரலன்னுதானே சொன்னேன்!"

மெயின அமத்தி, ஒயர மாத்தி முறுக்க அஞ்சு நிமிசந்தான். சுச்சப் போட்டதும் காலண்டர் படபடன்னு அடிச்சுக்கிருச்சு. பத்தே காலுக்கு மச்சான் வந்தாரு, சட்டைப் பொத்தானக் கழட்டி விட்டு ஃபேனுக்கடியில ஒக்காந்தாரு. "சும்மா பிச்சுக்கிட்டு அடிக்கிதே, எந்த மெக்கானிக்குமா பாத்தாரு?" செல்வி காப்பித் தம்ளர அவரு கையில குடுத்துட்டு, என்னைய ஒரு பார்வை பாத்துட்டுச் சொன்னா: "இவுகதாண்ணே பாத்தாக, ஒரு பல்லிதான் பாவம், வீட்டக் காலி பண்ணிருச்சு."

முப்பது தினுசு ஃபேனோட பாஷை எனக்கு அத்துப்படி, ஆனா சொந்தச் சம்சாரம் சொன்ன ரெண்டு வார்த்தைத் தமிழ் வெளங்குறதுக்குத்தான் முழுசா மூணு வாரம் ஆயிப்போச்சு.