தன் வீட்டு லிங்க்கையும் நீக்கியவர்

பவளம் அக்கா போய்விட்ட செய்தி எனக்கு ஒரு லிங்க்காகத்தான் வந்தது. "மட்டக்களப்பைக் கண்ணீரில் ஆழ்த்திய மரணம்! முழு விபரம் உள்ளே" என்று எங்கள் 'வாவிக்கரைப் பேச்சு' இணையக் குழுவில் யாரோ தன் செய்திச் சனலின் லிங்க்கை ஒட்டியிருந்தார். மேலே அக்காவின் படம். அழுத்தினேன். முதலில் சீமெந்து விளம்பரம் ஓடியது. அது முடியும்வரை, அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் திரையைப் பார்த்தபடி நின்றேன். அவருடைய தம்பியின் அழைப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. பேசி முடித்துவிட்டு, குழுவுக்குத் திரும்பி அந்த லிங்க்கை நீக்கினேன். இப்படியானவற்றை நீக்குவதுதான் அக்காவும் நானும் சேர்ந்து பார்த்த வேலை. அன்று அதைத் தனியாகச் செய்தேன். கண்ணீர் பொங்கி வந்ததா, கோபம் பொங்கி வந்ததா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

நானும் அவரும் தபாற்கந்தோரில் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர்களில் இருந்தவர்கள். அவர் ஓய்வு பெற்ற பிறகு தொடங்கியதுதான் குழு. ஊரில் இருப்பவர்களும், கனடாவிலும் கட்டாரிலும் இருப்பவர்களும் வந்து கதைக்கும் இடமாக அது இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தோம். ஆனால் கதைக்க வந்தவர்களைவிட விற்க வந்தவர்கள்தான் முதலில் வந்து சேர்ந்தார்கள். யாராவது அம்மாவுக்குச் சுகமில்லை என்று எழுதினால், கீழே ஒருவர் தன் சமையல் சனலின் லிங்க்கை ஒட்டிவிட்டுப் போவார்.

அடைமழை பெய்த ஒரு நாளை, குழுவில் இருக்கும் உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். "உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்தாச்சா? தண்ணி வருமெண்டா அம்மாவ இப்பவே கூட்டிப் போகணும்" என்று ஒரு பெண் கேட்டிருந்தார். திறந்துவிட்டார்கள் என்று ஒருவர் பதில் எழுதியும் இருந்தார். அந்தப் பதிலுக்கு மேல் சாறி லிங்க், காணி லிங்க், கலியாணப் படப்பிடிப்பு லிங்க் என்று வந்து குவிந்ததில் அது அவர் கண்ணில் படவேயில்லை. அக்கா தேடிப் பிடித்து அவருக்குப் போன் எடுத்தபோது தண்ணீர் முற்றத்துக்கு வந்துவிட்டது. நல்ல காலம், தாயும் மகளும் தப்பினார்கள். அன்று அக்கா எழுதியதுதான் எங்கள் சட்டம்: தன் வியாபாரத்தின் லிங்க்கை யாரும் இங்கே போடக்கூடாது. அதன் கீழே, நான் கேட்காமலே, "அட்மின்மாரின் வீட்டாருக்கும் இதுதான்" என்று ஒரு வரி சேர்த்தார்.

சட்டம் கடுமையானதுதான், ஆனால் அவர் யாரையும் வெறுமனே வெட்டி எறிந்ததில்லை. நீக்கப்போகும் லிங்க்கை முதலில் திறந்து முழுதாகப் பார்ப்பார். "உழைச்சுச் செஞ்சிருக்கிறான் தம்பி, ஆரும் பாக்காமப் போகப்படாது" என்பார். பார்த்த பிறகு நீக்குவார். நீக்கிய பிறகு ஆளுக்குப் போன் எடுப்பார். ஏறாவூரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானாவிடம் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நானா, கலியாண வீட்டுக்கு வந்தா உள்ள வந்து இருந்து நாலு பேரோட கதைக்கணும். நீங்க வாசல்ல நிண்டு நோட்டீஸ் குடுத்திட்டு ஓடுறீங்களே!"

நானா சிரித்துவிட்டார். பிறகு துணியைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் குழுவில் பதில் சொல்பவர் அவர்தான்.

அக்காவின் ஒரே மகள் சுகந்தி. பாசிக்குடாவில் ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலா வருபவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டாள். பெரிய ஹோட்டல்களுக்கு நடுவே அவளுடைய அறைகள் பாதி நாள் பூட்டியே கிடந்தன. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற எங்கள் ஆட்கள் கண்ணில் பட்டால் பிழைத்துக்கொள்வேன் என்று அவள் நம்பினாள். ஒரு மாலை, படங்களோடு தன் லிங்க்கைக் குழுவில் போட்டாள். நான் அப்போது அக்கா வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா அதையும் திறந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். "திரைச்சீலையெல்லாம் வடிவாப் போட்டிருக்கிறாள்" என்றார். பிறகு நீக்கினார். இருக்கட்டும் அக்கா என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

சற்று நேரத்தில் சுகந்தியின் அழைப்பு வந்தது. அவள் போட்ட சத்தம் எனக்கும் கேட்டது. "ஊருக்குத்தான் சட்டம் எண்டா எனக்குமாம்மா? நான் உங்கட மகளா, இல்ல ஆரோவா?"

"மகள் எண்டபடியாத்தான் புள்ள. உனக்கு விட்டா மறுகா நான் ஆருக்கிட்ட லிங்க்க எடுங்க எண்டு சொல்ல ஏலும்?"

சுகந்தி அன்றே குழுவை விட்டு விலகினாள். சில மாதங்களில் அறைகளையும் மூடினாள். தன் சொந்த அறைகளில் விரித்த படுக்கையை, துபாயில் யாரோ ஒருவரின் ஹோட்டலில் விரிக்கப் போனாள். தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அக்கா செய்தது நியாயம். ஆனால் அந்த நியாயம் அவரைத் தின்றதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக அவரைப் பார்த்தபோது, சேலைன் ஏறாத கையால் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"தம்பி, சுகந்திட லிங்க்க நீங்க போட்டு விடுங்க. சட்டத்த நான் முறிச்சதாவே இருக்கட்டும்."

என் போனில் தேடினேன். பக்கம் இல்லை. ஊரை விட்டுப் போகும்போது அவள் அதையும் அழித்துவிட்டுப் போயிருக்கிறாள். சொன்னேன். "இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அவளுக்குப் போன் எடுக்கட்டுமா என்றதற்கு, "வேணாம். புது வேலை. கோவமும் ஆறல்ல. ஆறட்டும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம் ஆறுவதற்குள் அவர் ஆறிப்போனார்.

மகள் வரும்வரை உடலை வைத்திருந்தார்கள். கிரியைகள் முடிந்தபின் சுகந்தி என்னிடம் வந்து, அம்மா கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் அழவில்லை, வாய்விட்டுக் கத்தினாள்.

"எனக்கு லிங்க் என்னத்துக்கு மாமா? வா புள்ள எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வந்திருப்பனே!"

 

துபாய்க்குத் திரும்பிய பின், தன்னை மீண்டும் குழுவில் சேர்த்துவிடும்படி கேட்டாள். அன்றிலிருந்து தாய் எழுதியவற்றை முதலிலிருந்து வாசித்துக்கொண்டு வருகிறாள். அக்கா யார் யாருக்கோ எழுதிய பதில்களின் கீழே "ஓம் அம்மா", "சரி அம்மா" என்று எழுதுகிறாள். அதனால் பழைய பதிவுகள் எல்லாம் மேலே வருகின்றன. ஆரோ ஒருத்தி குழுவைக் கிண்டிக் குழப்புகிறாள், நீக்குங்கள் என்று உங்களில் சிலர் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அவள் யார் என்று இப்போது தெரிந்திருக்கும். நான் நீக்கமாட்டேன். பவளம் அக்காவினுடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது தாய்க்கு மகள் எழுதும் இந்தப் பதில்கள்தான்.

கோபத்தில் கண்டபடி எழுதிக்கொண்டிருந்த ஒருவருக்கு எப்போதோ அக்கா எழுதியிருந்தார்: "சாப்பிட்டீங்களா? சாப்பிட்டுட்டு வந்து கதைங்க." நேற்று அதன் கீழே சுகந்தி எழுதியிருக்கிறாள்:

"இன்னும் இல்லம்மா."