நாத்தனாரும் நீல ஜின்னும்

என் நாத்தனார் எங்களோடு இருந்த காலத்தில், வீட்டில் எங்கே கை வைத்தாலும் ஒரு வெள்ளை அட்டைத் துண்டு அகப்படும். விரல் அகலம்கூட இருக்காது. ஒரு முனை கூராக வெட்டியிருக்கும். தலையணைக்கடியில், அரிசி டப்பாவின் மூடிமேல், பைபிளுக்குள் என்று எங்கும் கிடக்கும். எடுத்து முகர்ந்தால் ஒன்றில் ரோஜா, ஒன்றில் சந்தனம், ஒன்றில் என்னவென்றே சொல்ல முடியாத ஏதோ ஒன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் சோப்புகளுக்கு வாசனை கலந்து கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவள் வேலை பார்த்தாள். புதிதாகக் கலந்த எண்ணெயில் அட்டையைத் தோய்த்து, பழைய மாதிரியோடு ஒப்பிட்டு முகர்ந்து, 'சரி' என்றோ 'திருப்பு' என்றோ எழுத வேண்டும். அவள் எழுதினால்தான் டிரம் வெளியே போகும்.

என் கணவருக்குத் தங்கை. என்னைவிட மூன்று வயது சிறியவள். கல்யாணம் சரிப்பட்டு வராமல் பிரிந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். அந்த வேலையைத் தவிர அவளுக்கென்று வேறு பிடிப்பு இல்லை. எதைப் பார்த்தாலும் முகர்வாள். ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்கினால், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எந்தக் கம்பெனியில் வேலை செய்கிறார் என்று சொல்வாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஒரு காய்ச்சலில் அந்த மூக்கு போயிற்று. அவள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு சாயங்காலம். பழவேற்காட்டிலிருந்து வந்த கருவாட்டைக் குழம்பு வைத்து இறக்கியிருந்தேன். வாடை தெருமுனை வரை போயிருக்கும். வேலை முடிந்து உள்ளே வந்தவள், அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "இன்னிக்கு இன்னா அண்ணி கொழம்பு?" என்று கேட்டாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு, மூடியைத் திறந்து பார்த்தாள்.

அதற்கப்புறம் அவள் செய்வதையெல்லாம் கவனிக்கத் தொடங்கினேன். யாரும் இல்லாதபோது மிளகுப் பொடி டப்பாவைத் திறந்து மூக்கருகே வைத்துக்கொள்வாள். தும்மல் வரும், வாசனை வராது. ஒரு நாள் அவளே கேட்டாள்: "அண்ணி, அண்ணன் பரண்மேல போட்டாரே அந்த பாட்டில், இன்னும் கீதா?"

இவருடைய சிநேகிதர் ஒருவர் புதுச்சேரியிலிருந்து வாங்கி வந்த ஜின் அது. இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "சென்ட்டு குடிச்சா மாதிரி கீது" என்று ஏறக்கட்டிவிட்டார். அந்தச் சொல்லைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணில ஏறாத வாசனை ஸ்பிரிட்டுல ஏறும் அண்ணி. கம்பெனில அதுலதான் கரைக்கிறோம். பூவைப் போட்டு ஊற வச்சி குடிச்சா, எனக்கு எதுனா வாசனை தெரியுதான்னு ஒரு தபா பாத்துடலாம்."

நான் தயங்கினேன். குடியால் என் அம்மா பட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். சாராய வாடை வந்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். ஆனால் மூடியைத் திறந்து அவள் நீட்டியபோது வந்தது அந்த வாடை இல்லை. மரத்தூளும் எலுமிச்சைத் தோலும் கலந்தது போல ஒன்று. இன்னொரு முறை முகர்ந்தேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்ததும், இவர் பொன்னேரியில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டார். வேலியில் படர்ந்திருந்த சங்குப்பூவில் பன்னிரண்டைப் பறித்து, பச்சைக் காம்பை நீக்கிக் கழுவி, ஒரு டம்ளர் ஜின்னில் போட்டாள். ஊற வைத்தது பழைய ஊறுகாய் பாட்டிலில்தான்; வாடை போக அதை மூன்று முறை வெந்நீரில் கொதிக்க வைத்திருந்தாள். அரை மணி நேரத்தில் அது பேனா மை போல நீலமாகிவிட்டது. பிறகு எங்கள் தொட்டிச் செடியிலிருந்து ஒரு கைப்பிடி மல்லி மொட்டு. அதிகம் ஊறினால் பச்சை வாடை ஏறிவிடும் என்று, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு மணி நேரத்தில் வடிகட்டினாள். கம்பெனியில் எப்படி நின்றிருப்பாள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்: பேச்சே இல்லை, உதடு மட்டும் லேசாக அசைந்தது.

இரண்டு கண்ணாடி டம்ளரில் ஐஸ், இரண்டு கரண்டி சர்க்கரைப் பாகு, அந்த நீல ஜின் கொஞ்சம். எலுமிச்சம்பழத்தை என்னைப் பிழியச் சொன்னாள். சாறு விழுந்த இடத்திலிருந்து நீலம் கலைந்து, ஊதாவாகி, கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. நான் கத்தியே விட்டேன்.

"புளிப்பு பட்டா மாறும் அண்ணி. லிட்மஸ் மாதிரி" என்றாள். மேலே பன்னீர் சோடாவை ஊற்றினாள்.

நான் ஒரு வாய் குடித்தேன். முதலில் குளிர்ச்சி, பிறகு இனிப்பும் புளிப்பும், தொண்டையில் ஒரு சூடு, எல்லாம் இறங்கிய பிறகு மூக்கின் பின்னாலிருந்து மல்லி. பூ உள்ளேயிருந்து மணக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அதை அவளிடம் சொல்லத் திரும்பினேன். அவள் பாதி டம்ளரைக் குடித்திருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஒண்ணுமே வரல அண்ணி. சில்லுன்னு கீது, புளிக்குது, எரியுது. அவ்ளோதான்."

பிறகுதான் அதைச் சொன்னாள். இரண்டு மாதமாக முகர்கிறாற்போல நடித்து, எண்ணெயின் நிறத்தையும் பக்கத்தில் இருக்கிற பெண்ணின் முகத்தையும் பார்த்து, 'சரி' போட்டுக்கொண்டிருக்கிறாள். "எந்த டிரம் எப்ப திரும்பி வரும்னு பேஜாரா கீது. சொன்னா வேலை போயிடும். சொல்லாம எவ்ளோ நாளு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. கிரகப்பிரவேசத்துக்குப் போனவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். மனைவியும் தங்கையும் ஊதா டம்ளரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றார். "இன்னாமே இது?" என்றார். கோபமா திகைப்பா என்று எங்களுக்குப் புரியவில்லை. அவள் எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் தங்கையின் டம்ளரை வாங்கி, குடிக்காமல், நெடுநேரம் முகர்ந்தார்.

"ஊசி போடறதுக்கு முன்ன பஞ்சால தொடைப்பாங்க பாரு, அந்த வாசனை. அதும் மேல யாரோ மல்லிப்பூவைக் கசக்கிப் போட்டா மாதிரி."

அவள் அழுகையும் சிரிப்புமாக, "நாங்க ரிப்போர்ட்டுல இப்படித்தாண்ணா எழுதுவோம்" என்றாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாளிக்கு நானும் கம்பெனி வாசல் வரிக்கும் வரேன். சொல்லிடு" என்றார்.

சொன்னாள். மேனேஜர் திட்டினார்; ஆனால் அனுப்பிவிடவில்லை. அவள் 'சரி' போட்ட மாதிரிகளையெல்லாம் எடுத்து மறுபடியும் சோதித்தார்கள். இரண்டு டிரம்களை நிறுத்தினார்கள். அவளை எடை போடும் பிரிவுக்கு மாற்றினார்கள். டெஸ்டிங் ரூமில் அவள் நாற்காலியில் அந்தப் பக்கத்துப் பெண் உட்கார்ந்தாள். அதைச் சொன்ன அன்று மட்டும் அவள் சாப்பிடவில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைச் சோதனையை அவள் விடவில்லை. ரோஜா இதழ் ஒரு வாரம், மகிழம்பூ ஒரு வாரம். ஆளுக்கு அரை டம்ளர்தான். நான் குடித்துவிட்டு எனக்கு வந்ததைச் சொல்வேன். அவள் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வாள். அப்படிச் சொல்லிச் சொல்லி, என் வீட்டுச் சமையலறையில் இத்தனை வாசனைகள் இருப்பது எனக்குத் தெரியவந்தது.

நாலைந்து மாதம் கழித்து ஒரு காலை. காற்று தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வீசியது. எல்லா வீட்டிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் தெருவில் இறங்கி நின்று கத்தினாள்: "அண்ணி, நாறுது! நல்லா நாறுது அண்ணி!" எதிர்வீட்டுக்காரர்கள் அவளை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. காபி கொஞ்ச நாள் ரப்பர் எரிகிற வாடையாக வந்து, பிறகு காபியாக வந்தது. எலுமிச்சை வந்தது, ஜின் வந்தது, ரோஜா வந்தது. மல்லி மட்டும் வரவேயில்லை. ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

இப்போது அவள் திருவள்ளூரில் தனி வீடு எடுத்து இருக்கிறாள். வேறொரு கம்பெனியில், தன் மூக்குக்கு மல்லி எட்டாது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் டெஸ்டிங் வேலையில் சேர்ந்தாள். மல்லி மாதிரிகளை வேறொருவர் பார்க்கிறார். போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த ஊதா டம்ளரை நீட்டி, "மல்லி எப்படி அண்ணி வந்துகீது?" என்று கேட்டாள். குடித்துப் பார்த்து, "நல்லா வந்துகீது, அன்னிக்கு மாதிரியே" என்றேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "இன்னிக்கு மல்லியே போடல அண்ணி."

நான் மறுபடி ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அப்போதும் மணத்தது.